பாதத்துக்குள் ஒரு படகு

"எந்தக் காலு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அபுதாஹிர் குனிந்து வந்தவரின் செருப்பைப் பார்த்துவிடுவார். குதிப்பக்கம் எது கூடத் தேய்ந்திருக்கிறது, எந்த வார் தளர்ந்திருக்கிறது, கட்டைவிரல் அழுத்திய குழி எவ்வளவு ஆழம் என்று அரை நொடியில் ஒரு நோட்டம். அதற்குப் பிறகுதான் ஆளின் முகத்துக்கு வருவார். ராஜபாளையத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கும் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் இருபத்து நான்கு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறார். வருகிறவர்களுக்கு அவர் எக்ஸ்ரே பாய். அபுதாஹிர் என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஜீவன் சம்பளப் பட்டியல்தான்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலை எட்டேகால் பஸ்ஸில் ஏறினால் நடைபாதை ஓரத்து இருக்கைதான் வேண்டும். ஜன்னலோரம் காற்று வருமே என்று யாராவது நகர்ந்து இடம் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். ஏறுகிற கால்கள், இறங்குகிற கால்கள் எல்லாம் அந்தப் பக்கம்தானே போகின்றன. இந்தப் பழக்கத்தால் மனைவி அசீனாவுக்குக் கல்யாண வீடுகளில் மானம் போகிறது. "எல்லாரும் மாப்பிள்ள மொகத்தப் பாக்காக. நீங்க மட்டும் குனிஞ்சு அவிய காலப் பாக்குறீக. நாலு பேரு என்ன நெனைப்பாக?" என்று போன மாதம்கூட ஒரு பாட்டம் தீர்த்தார். "தட்டைப் பாதம்ட்டி அந்தப் பையனுக்கு. பட்டாளத்துல எடுக்க மாட்டாக," என்றார் இவர். "அவரு ஜவுளிக்கடைல உக்காந்து துணி கிழிக்கப் போறாரு. பட்டாளம் எங்க வந்துச்சு இங்க?" என்றார் அசீனா.

வலியோடு வருகிறவர்களை ஆடாமல் அசையாமல் இருக்கச் செய்வது சாமானியமான வேலையில்லை. அதட்டுகிற டெக்னீசியன்கள் உண்டு, கெஞ்சுகிறவர்கள் உண்டு. அபுதாஹிர் பெயர் சொல்லுவார். பாதத்தைப் பிளேட்டின் மேல் வைத்து, எக்ஸ்ரே குழலை இறக்கிக்கொண்டே, சந்தைக்குப் போய்வந்த சேதி சொல்வதுபோல ஆரம்பிப்பார். "காலு வெரல் எலும்புக்கெல்லாம் ஃபலாஞ்சஸ்னு பேரு. கிரேக்க நாட்டுல பட்டாளத்துக்காரன் வரிசை கட்டி நிப்பாம்ல, அந்த வரிசைக்குள்ள பேரு அது. உங்க ஒத்தக் காலுல பதினாலு பேரு நிக்கான். ஆடாதீக, வரிசை கலைஞ்சிரும்." பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஆள், தன் காலில் நிற்கும் பதினான்கு பேரையும் ஒருமுறை குனிந்து பார்ப்பான். அதற்குள் படம் எடுத்து முடிந்திருக்கும்.

தேவதானத்திலிருந்து வந்த கருத்தம்மாவிடம் ஒருநாள், கட்டைவிரலுக்கு அடியில் இரண்டு பொடி எலும்பு இருப்பதையும், எள் மாதிரி இருக்கிறதென்று அதற்கு எள் என்றே அந்தக் காலத்து வைத்தியர்கள் பெயர் வைத்ததையும் சொன்னார். காட்டுவேலை செய்து கறுத்த காலை நீட்டிக்கொண்டு அந்த அம்மாள் கட்டைவிரலை உற்றுப் பார்த்தார். "அம்புட்டு எள்ளும் எங்க காட்டுலதான் வெளைய மாட்டேங்குன்னு பாத்தேன். இங்கன வந்து கெடக்கா? எண்ணெ ஆட்டிப்புடாதீக பாய்," என்றார். அபுதாஹிர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

இந்தப் பெயர்க் கிறுக்கு தோல்வியில் பிடித்தது. மதுரையில் டிப்ளமோ படித்தபோது உடற்கூறு பாடத்தில் முதல் தடவை தேறவில்லை. பாதத்தில் மட்டும் இருபத்தாறு எலும்பு. பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கி எழுந்தால் பாதி காணாமல் போயிருக்கும். வெறுத்துப்போய்க் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தவர், தடித்த மருத்துவ அகராதி ஒன்றைச் சும்மா புரட்டினார். அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர்களின் பிறப்பு எழுதியிருந்தது. ஒன்று ஆப்பு, ஒன்று எள், ஒன்று சூதாடும் காய், ஒன்று பிரம்பால் பின்னிய தட்டி. அட, இதெல்லாம் வீட்டிலும் தெருவிலும் கிடக்கிற சாமான் அல்லவா என்று தோன்றியது. மறுபடி எழுதித் தேறினார். தேறிய பிறகும் அந்த அகராதியை விடவில்லை. இப்போதும் காலியான எக்ஸ்ரே உறைகளின் முதுகில் எதையாவது குறித்து வைத்துக்கொண்டிருப்பார்.

அந்த இருபத்தாறு எலும்பில் அவருக்கு உசத்தி நேவிகுலர். பாதத்தின் உள்வளைவில், கணுக்காலுக்குச் சற்று முன்னால், பக்கத்து எலும்பின் உருண்டைத் தலையைத் தாங்குவதற்காகக் குழிந்து கிடக்கும் சின்ன எலும்பு. லத்தீனில் நேவிஸ் என்றால் கப்பல், நேவிகுலா என்றால் சின்னக் கப்பல். நம் பாடநூல்காரர்கள் படகெலும்பு என்று அழகாகச் சொல்லிவிட்டார்கள். அதே எலும்புக்குக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ஸ்கஃபாய்டு என்ற பழைய பெயரும் உண்டு. ஸ்கஃபே என்றால் குடைந்தெடுத்தது. மரத்தைக் குடைந்தால் தோணியும் வரும், தண்ணீர்த் தொட்டியும் வரும். இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான்.

முதன்முதலில் இந்த எலும்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவன் யாராக இருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது அவர் நினைத்துக்கொள்வார். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிகிற ஊர்க்காரனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்கு ஏன் படகு ஞாபகம் வரப்போகிறது? செத்துப்போனவன் காலிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதில் தினம் பார்க்கிற ஒன்றைக் கண்டு, கொஞ்சம் பயம் தெளிந்திருப்பான். அபுதாஹிர் தன் ஆயுளில் படகு ஏறியது ஒரே ஒரு தடவை, கன்னியாகுமரியில். ஏறி இறங்குவதற்குள் குடல் வெளியே வந்துவிட்டது. அது வேறு விஷயம்.

ஊரறிய இவ்வளவு பேசுகிற மனிதர், ஒன்றை மட்டும் பேச மாட்டார். படத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். "டாக்டரு சொல்லுவாக." அழுதாலும் அதுதான், காலைப் பிடித்தாலும் அதுதான். எலும்பின் பேரைச் சொல்ல யாரும் தடை போடவில்லை, அதனால் பேரைச் சொல்கிறார். நிலைமையைச் சொல்வதில்லை.

அதற்குக் காரணம் மாரிச்சாமி. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நூல் மில்லில் பொதி தூக்கிக்கொண்டிருந்தவர். பஞ்சுப் பொதி சரிந்து கால் திருகிக்கொண்டு வந்தார். டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று மாரிச்சாமி தவித்தார். இவர் ஒரே ஒரு கோணத்தில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் முறியல, சுளுக்குதான், போங்க," என்று சொல்லிவிட்டார். வயதும் தைரியமும் அப்படி. சாய்த்து வைத்து இன்னொரு படம் எடுத்திருந்தால் நேவிகுலரின் குறுக்கே ஓடிய வெடிப்பு தெரிந்திருக்கும். அந்தக் காலோடு இரண்டு மாதம் பொதி தூக்கி, வளைவு அமுங்கி, மாரிச்சாமிக்கு நிரந்தரமாக நொண்டல் வந்துவிட்டது. மில் வேலையும் போயிற்று.

இப்போது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் கொய்யாப்பழம் விற்கிறார். தினமும் இரண்டு பழம் அபுதாஹிர் வாங்கிக்கொள்வார். வீட்டில் கொய்யா தின்ன ஆளில்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது. "படத்துல தெரியலன்னா நீங்க என்ன செய்வீக பாய்," என்று மாரிச்சாமியே ஒருமுறை ஆறுதல் சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தால் தேவலை. அந்த ஆறுதல் மனுஷனைப் பதினைந்து வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம், டாக்டர் ஒரு காலுக்கு மட்டும் எழுதி அனுப்பினாலும் இரண்டு காலையும் படம் எடுத்தார். "ஒத்தக் காலு என்னத்தயாச்சும் சொல்லும். மத்ததயும் கேட்டுக்கிடணும்ல," என்பார். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒருநாள் கூப்பிட்டு, தேவையில்லாமல் ஒருவர் மேல் கதிர் பாய்ச்சுவது தப்பு, எழுதியதை மட்டும் எடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். அன்றோடு அதையும் நிறுத்திக்கொண்டார்.

இந்த வருடம் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வத்திராயிருப்பிலிருந்து சுந்தரபாண்டியன் தன் மகள் வெங்கடேஸ்வரியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். தென்னந்தோப்புக்காரர். மகளுக்கு வயது இருபத்தாறு. காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு, ஓட்டம், நீளம் தாண்டுதல் எல்லாம் முடித்துவிட்டாள். மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி, அதற்கு ஒன்பது நாள் இருக்கிறது. வயது வரம்பு அவளுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. மூன்று வருடம் இருட்டோடு எழுந்து மலையடிவாரத்து ரோட்டில் ஓடியவள், அன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிறழ்ந்து விழுந்துவிட்டாள். வலது கணுக்கால் பொதபொதவென்று வீங்கியிருந்தது.

அபுதாஹிர் செருப்பைப் பார்த்தார். இரண்டும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன, ஓடுகிற கால். பாதத்தைப் பிளேட்டில் வைத்துக்கொண்டே வழக்கம்போலப் படகுக் கதையை எடுத்தார். "படகா? எங்க ஊரு கண்மாயில பரிசல்கூட கெடையாதுண்ணே," என்றாள் அவள். சுந்தரபாண்டியன் சுவரில் மாட்டியிருந்த பாதத்தின் எலும்புப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "எனக்கு தென்னம்பாளை மாதிரியில்ல தெரியுது. பாளை வெடிச்சு மல்லாந்து கெடந்தா இப்பிடித்தான இருக்கும்." அபுதாஹிர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். குழியும் நுனியும் அப்படியே பாளைதான். நம்மூர்க்காரன் பெயர் வைத்திருந்தால் உலகம் முழுக்க டாக்டர்கள் இன்று பாளையெலும்பு என்று எழுதிக்கொண்டிருப்பார்களே என்று அவருக்கு ஆசையாக இருந்தது. உறையின் முதுகில் குறித்துக்கொண்டார்.

படத்தைப் பார்த்தவர் டாக்டர் பாலகணேஷ். இளைஞர், கெட்டிக்காரர். ஆனால் அன்று ஒரு வேன் கவிழ்ந்து ஏழு பேர் வராந்தாவில் கிடந்தார்கள். நின்றபடியே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நேவிகுலரின் உள்பக்கத்தில் பயறு அளவுக்கு ஒரு துண்டு தனியாகத் தெரிந்தது. "உள்பக்கம் ஒரு சில்லு பேந்திருக்கு. ஆறு வாரம் மாவுக்கட்டு," என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

"கட்டோட போனா மெடிக்கல்ல விடுவாகளாப்பா?" என்று வெங்கடேஸ்வரி கேட்டாள். அழவில்லை. சுந்தரபாண்டியன், "விடு தாயி. தோப்பு இருக்கு, நாங்க இருக்கோம்," என்றார். "தோப்பு இருக்குன்னு எனக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளை மாவுக்கட்டு அறைக்குக் கொண்டுபோனார்கள்.

அபுதாஹிர் கம்ப்யூட்டர் திரையில் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கினார். முறிந்த துண்டுக்கு ஓரம் பிசிறாக இருக்கும். இதற்கு ஓரம் உருண்டு வழவழவென்று இருந்தது, சுற்றிலும் வெள்ளையாகக் கரைகூட இருந்தது. சில பேருக்குப் பிறவியிலேயே இந்த எலும்புக்குப் பக்கத்தில் உபரியாக ஒன்று இருக்கும் என்று அவர் படித்திருக்கிறார், நாலைந்து பேரிடம் பார்த்தும் இருக்கிறார். பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும். முறிவு இல்லை என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. அதே எலும்பு, அதே சுளுக்கு, அதே வார்த்தை. பதினைந்து வருடத்துக்கு முன்னாலும் உள்ளுக்குள் இதையேதான் சொன்னது. பேசாமல் இருந்தால் தப்பு அவர் பேரில் வராது. அந்தப் பிள்ளையின் மூன்று வருடம் மட்டும் போகும். வாய் திறந்து, அது தப்பாகப் போனால், ஓடுகிற காலை இன்னொரு மாரிச்சாமி கால் ஆக்கின பாவம் வந்து சேரும்.

மாவுக்கட்டு அறையில் நர்ஸ் ஜெயபாய் பஞ்சைச் சுற்றி முடித்திருந்தார். கட்டுத் துணிச் சுருள் வாளித் தண்ணீரில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், செத்த நேரம் நிறுத்துங்க. ஒரு படம் எடுக்கணும்."

"தண்ணில போட்டாச்சு பாய். இப்ப சுத்தலன்னா கல்லாயிரும்."

"ஆகட்டும். வேற போட்டுக்கிடலாம்."

"டாக்டரு சொன்னாகளா?"

அபுதாஹிரே வெங்கடேஸ்வரியின் சக்கர நாற்காலியை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். பிளேட்டைப் போட்டு, "இடது காலை வைங்க தாயி," என்றார். "அதுல ஒண்ணும் இல்லியே பாய்," என்றார் சுந்தரபாண்டியன். "இல்லதான் அண்ணாச்சி. அதான் வேணும்." அன்றைக்கு அந்தப் பாதத்துக்கு எந்தப் பெயரும் சொல்லவில்லை, கதையும் சொல்லவில்லை.

திரையில் படம் வர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றார். விரல்கள் வந்தன, வளைவு வந்தது, நேவிகுலர் வந்தது. உள்பக்கத்தில், அதே இடத்தில், அதே பயறு அளவு. படகுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் படகு. அபுதாஹிர் மெல்ல உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமா, பயமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

டாக்டர் பாலகணேஷ் ஒரு கைக்குத் தையல் போட்டு முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அபுதாஹிர் இரண்டு படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் செருகினார்.

"என்ன பாய் இது?"

"வத்திராயிருப்புப் பிள்ளை சார். இது மத்த காலு."

"நான் எழுதலையே."

"நீங்க எழுதல சார். நானாத்தான் எடுத்தேன்."

டாக்டரின் புருவம் ஏறியது. என்னவோ சொல்ல வாய் எடுத்தவர், படத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வலதைப் பார்த்தார், இடதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி வலதைப் பார்த்தார். பிறகு, வெங்கடேஸ்வரியைத் திரும்பக் கொண்டுபோயிருந்த மாவுக்கட்டு அறைக்கு நடந்தார். பஞ்சைப் பிரிக்கச் சொன்னார். பாதத்தின் உள்பக்கம் கட்டைவிரலால் அழுத்தி, "இங்க வலிக்குதாம்மா?" என்றார். "அங்க இல்ல சார். வெளிப்பக்கம்தான் உயிர் போகுது," என்றாள் வெங்கடேஸ்வரி. திரும்பவும் உள்பக்கம் அழுத்தினார். அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. வெளிப்பக்கம் கைபட்டதும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். கணுக்காலின் மற்ற இடங்களையும் ஒவ்வொன்றாக அழுத்தி முடித்தபிறகுதான் டாக்டர் நிமிர்ந்தார்.

"எலும்பு முறியல. அந்தச் சில்லு உங்களுக்குப் பிறந்ததுல இருந்தே இருக்கு, ரெண்டு காலுலயும். இது வெளிப்பக்க ஜவ்வுல சுளுக்கு. பட்டைத்துணி கட்டிக்கிட்டு மெதுவா நடக்கலாம், ஒரு வாரத்துக்கு ஓட வேண்டாம். மெடிக்கல்ல கேட்டா ரெண்டு படத்தையும் சேர்த்துக் காட்டுங்க, நான் லெட்டர் தாறேன்." முன்பு எழுதியதை அடித்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்ற அபுதாஹிரிடம் குரலைத் தாழ்த்தி, "மொதல்லயே சொல்லியிருக்கலாமே பாய்," என்றார்.

"சொல்லுறதில்லன்னு இருந்தேன் சார்," என்றார் அபுதாஹிர். டாக்டர் அவர் தோளைத் தொட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

ஜெயபாய் வாளியிலிருந்து இறுகிப்போன சுருளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பட்டைத்துணியைச் சுற்றி முடித்தார். கால் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரி தரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். காலை ஊன்ற அவளுக்குப் பயமாக இருந்தது. "நெசமாவே முறியலியாண்ணே?" என்று அபுதாஹிரைக் கேட்டாள். டாக்டர் சொல்லிவிட்டுப் போனது அவளுக்குப் போதவில்லை. சுந்தரபாண்டியன் மகளைத் தூக்குவதற்காகத் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குனிந்தார்.

அபுதாஹிர் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். அவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போய், அவள் நடந்து வருவதற்கு வழி விட்டு நின்றார்.